முதலில் ஆடுகளை விசாரியுங்கள்: கோபியில் ஏழு இரவுகள்

வெள்ளாட்டின் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டித் தரையில் சாய்த்திருந்தார்கள். கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் வேலை. எதிரே அந்த வீட்டுப் பாட்டி, நுனி வளைந்த இரும்புக் கம்பிகள் வைத்த ஒரு சீப்பால் ஆட்டின் கழுத்திலிருந்து விலா வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தார். மேல்முடி அப்படியே நிற்க, அடியில் இருந்த பஞ்சு மட்டும் சீப்பில் சுருண்டு வந்தது. காஷ்மீர் கம்பளி என்று பெரிய கடைகளில் விற்கிறார்களே, அது இதுதான். ஒரு ஆட்டுக்குக் கால் கிலோ தேறும், நல்ல ஆடாக இருந்தால் 300 கிராம். உட்கார்ந்து இரண்டு மணி நேரமாகியிருந்ததில் என் இடது கால் மரத்துப் போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்த நேரத்தில் நான் ஒரு மணல்மேட்டின் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

2023 ஏப்ரல் கடைசியில் நானும் தோழியும் மங்கோலியாவுக்குப் போயிருந்தோம். தெற்கு கோபி பாலைவனத்தில் மேய்ச்சல் குடும்பம் ஒன்றோடு மூன்று இரவு. அப்புறம் கோங்கோரின் எல்ஸ் மணல்மேடு, யோலின் ஆம் பள்ளத்தாக்கு, 1923இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த பயன்சாக் செம்பாறைகள். ஏற்பாடு செய்தவர்கள் அனுப்பிய தாளில் மணிக்கணக்கு உட்பட இருந்தது. கடைசியில் மூன்று இரவு ஏழு இரவாகிவிட்டது. பயன்சாக்கையும் பார்க்கவில்லை, யோலின் ஆம் பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. மணல்மேட்டில் மட்டும் ஒரு சாயங்காலம் ஏறி இறங்கினோம்.

வசந்தத்தில் ஏன் வந்தீர்கள் என்று அங்கே பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சுற்றுலாக்காரர்கள் வருவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. வசந்தம் என்றால் காற்று, புழுதி, இரவில் உறைபனி. குளிர்காலத்தைத் தாண்டிவந்த ஆடுகளுக்கு எலும்பு தெரியும். விருந்தாளிக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. ஆனால் அந்த வாழ்க்கையைப் பார்க்கவேண்டும் என்று போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆடுகள் குட்டி போடுவதும் சீப்புப் போட்டுக் கம்பளி எடுப்பதும் இந்தச் சமயத்தில்தான். ஜூலையில் போனால் நமக்காகக் குதிரையில் ஏறிக் காட்டுவார்கள். ஏப்ரலில் நம்மைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

தலைநகர் உலான்பாதரிலிருந்து தலன்சட்கத் ஊர் வரைக்கும் சுமார் 550 கிலோமீட்டர் தார்ச்சாலைதான். அதற்கப்புறம் சாலை என்று ஒன்று கிடையாது. ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு டயர்த் தடங்கள் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும், எது நல்ல தடம் என்று ஓட்டுநர் அந்தந்த நிமிஷத்தில் முடிவு செய்வார். வண்டி, சாம்பல் நிற ரஷ்ய வேன். பேர் புர்கோன். அறுபதுகளில் வந்த அதே உருவம். ஏசி கிடையாது, ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் ஓட்டுநரே பிரித்துச் சரிசெய்துவிடுவார். எங்களுக்கு இரண்டு தடவை நின்றது. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் தோழியின் செலவில் கற்றுக்கொண்டேன்.

கோபி என்றால் மணல் என்று நினைத்துப் போனேன். மணல்மேடு அங்கே சின்னப் பங்குதான். பெரும்பாலும் சரளைக்கல் வெளி, கணுக்கால் உயரச் செடிகள், தூரத்தில் நீலமாக ஒரு மலைவரிசை. அந்த மலை பக்கத்தில் இருக்கிறதா, அறுபது கிலோமீட்டர் தள்ளியா என்று கண்ணால் சொல்ல முடியாது.

பயன்தலாய் என்ற சிற்றூருக்கு மேற்கே, எங்கோ ஓர் இடத்தில், வெள்ளையாக இரண்டு கூடாரங்கள். மங்கோலியர்கள் கெர் என்பார்கள். வண்டி நின்றதும் மொழிபெயர்க்க வந்த மாணவி எங்களை இறங்கவிடவில்லை. கண்ணாடியை இறக்கி, "நொகோய் ஹோர்!" என்று கத்தினாள். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். கெர் கதவைத் தட்டும் பழக்கம் இல்லை, இந்தக் கத்தல்தான் அழைப்புமணி. நாயே இல்லாத வீட்டிலும் இப்படித்தான் கத்துவார்களாம். இந்த வீட்டில் இருந்தது. கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த மாணவி என் காதில் சொன்னாள்: "முதலில் ஆடுகளை விசாரியுங்கள். மனிதர்களை அப்புறம் கேட்கலாம்." வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். "மால் சுரெக் தர்கன் ஊ?" ஆடுமாடெல்லாம் கொழுத்திருக்கிறதா என்று பொருள். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். வசந்தத்தில் யாராவது கொழுப்பை விசாரிப்பார்களா, போய்ப் பார், விலாவை எண்ணலாம் என்றார். வசந்தத்துக்கு என்று தனியாக ஒரு விசாரிப்பு இருக்கிறது, அதை அன்றைக்கே சொல்லித் தந்தார். ஆனாலும் தப்பாகவாவது ஆடுகளைக் கேட்டது வேலை செய்தது. அதன் பிறகுதான் பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மால் என்றால் அவர்களுக்குக் கால்நடை. குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்று ஐந்து வகை. பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று தோழி ஆரம்பித்தாள். தற்செயல்தான், மொழி ஆராய்ச்சிக்கு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு முந்நூறு வெள்ளாடு, எண்பது செம்மறி, இருபத்து மூன்று ஒட்டகம், நான்கு குதிரை. நாடு முழுக்கவே கால்நடைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் வெள்ளாடுதான். காரணம் அந்தக் கம்பளிக்குக் கிடைக்கும் பணம். வெள்ளாடு செடியை வேரோடு பிடுங்கித் தின்னும், தரை மொட்டையாகும் என்று அவர்களே சொல்கிறார்கள். தெரிந்தும் குறைக்க முடியாது. பிள்ளைகள் ஊர்ப் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிற செலவும் மோட்டார் சைக்கிள் தவணையும் அதிலிருந்துதான் வருகிறது.

கெருக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றி நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தோம். நிலைப்படியை மிதிக்கக் கூடாது. நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையே நடக்கக் கூடாது, எதையும் நீட்டவும் கூடாது. உள்ளே நுழைந்து இடப்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், விருந்தாளிக்கு. கதவு தெற்கு பார்த்தே இருப்பதால் திசை குழம்பாது. கொடுப்பதை வலது கையால் வாங்கவேண்டும், இடது கை வலது முழங்கையைத் தாங்கியிருந்தால் மரியாதை. நம் ஊரில் பெரியவர்களிடம் திருநீறு வாங்கிப் பழகிய கைக்கு இதெல்லாம் தானாக வந்தது. வராதது ஒன்றுதான். சளி பிடித்திருந்த எனக்கு, மூக்குத் துடைத்த தாளை அடுப்பில் போடுவதுதான் சுத்தம் என்று பட்டது. போட்டுவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டி எழுந்து வந்து, இடுக்கியால் அந்தத் தாளை வெளியே எடுத்துவிட்டு, விரல்நுனியில் கொஞ்சம் வெண்ணெய் எடுத்துத் தீயில் போட்டார். தீ அங்கே சாமி. நம் வீட்டு விளக்கில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் எப்படி இருக்கும்?

சாப்பாடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூத்தே சாய் என்பது பால், தேயிலை, உப்பு. டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். சூடான உப்பு மோர் என்று மனதைத் தயார்செய்துகொண்டால் இரண்டாம் நாளே பழகிவிடும். மற்றபடி மாவும் கறியும், கறியும் மாவும். தோழி சைவம். முன்கூட்டியே சொல்லியிருந்தோம், ஆனால் அந்தத் தரையில் அந்த மாதத்தில் காய்கறிக்கு எங்கே போவார்கள்? அரிசி, பாசிப்பருப்பு, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் நாங்களே கொண்டுபோனதால் பிழைத்தாள். சைவக்காரர்கள் இதை மட்டும் யாரையும் நம்பி விட்டுவிட வேண்டாம். உப்பு நார்த்தங்காயை ஒரு துண்டு பாட்டிக்குக் கொடுத்தோம். அவர் அதைக் கடிக்கவில்லை. ஆரூல் என்று தயிரைக் காயவைத்துக் கல் போல ஒன்று செய்வார்கள், அதை எப்படிக் கன்னத்தில் அதக்கிக்கொள்வாரோ அப்படியே இதையும் அதக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். மறுநாள் அவராகவே கையை நீட்டினார்.

இரண்டாம் நாள் நான் செய்த காரியத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். தாய் ஆடுகள் மேயப் போயிருக்கும்போது குட்டிகளைப் பட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் தாய்கள் வந்ததும் ஒவ்வொரு குட்டியாக விட்டு, அதது தாயிடம் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். நான் நாலு மணிக்குப் படம் எடுக்கலாம் என்று படலைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு குட்டி நுழைந்து வெளியே வந்தது. பிடிக்கத் திரும்பினேன். அதற்குள் அறுபது குட்டியும் வெளியே. காற்று அடிக்கிற பக்கமாக அத்தனையும் துள்ளிக்கொண்டு ஓடுகின்றன, நான் கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். மகன் மோட்டார் சைக்கிளில் சுற்றி வளைத்து, மருமகள் கூப்பாடு போட்டு, எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர இருட்டிவிட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றிரவு எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஹால்கா. கதவு என்று அர்த்தம். கடைசி நாள் வரை அதுதான் என் பெயர்.

நான்காம் நாள் காலை நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். பெரியவர் விடிகாலையில் வெளியே போய் வடமேற்கைப் பார்த்துவிட்டு வந்து, வேன் போகாது என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. எனக்கு எரிச்சல். பத்து மணிக்கு அந்தத் திசையில் மலை காணாமல் போனது. அது இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சுவர்.

புழுதிப் புயல் என்றால் கண்ணில் மண் விழும் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். முதலில் வெளிச்சம் போனது, பிறகு சத்தம் வந்தது. கெரின் உச்சியில் தோனோ என்று ஒரு மர வளையம் உண்டு, புகைக்கும் வெளிச்சத்துக்கும் வழி. அதை மூடியாயிற்று. அந்த வளையத்திலிருந்து உள்ளே ஒரு கயிறு தொங்கும். இத்தனை நாளாக அழகுக்கு மடித்துச் செருகியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மருமகள் அதை உருவி என் கையில் ஒரு நுனியைத் திணித்து, உட்கார் என்று சைகை காட்டினாள். காற்று கூரையைத் தூக்காமல் இருக்க மனிதக் கனம். மூன்று பெண்கள் மாறி மாறி அந்தக் கயிற்றில் தொங்கினோம். ஒவ்வொரு வீச்சுக்கும் கயிறு என்னை ஓர் அங்குலம் மேலே தூக்கி இறக்கியது. முழுக் கூடாரமும் மூச்சு விடுவது போல.

மகன் மந்தையோடு வெளியே இருந்தான். புயலில் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே இருக்கும், நிற்காது. மேய்ப்பனும் கூடவே போகவேண்டும். பிரிந்தால் இரண்டுமே தொலையும். 2021 மார்ச்சில் இப்படி ஒரு புயலில் பக்கத்து மாகாணமான துந்த்கோவியில் மேய்ப்பர்கள் இறந்துபோனார்கள் என்று மொழிபெயர்ப்புப் பெண் பிறகு சொன்னாள், அந்த நேரத்தில் சொல்லவில்லை. பாட்டி உட்கார்ந்த இடத்தில் டீ காய்ச்சிக்கொண்டே இருந்தார். நான் ஒருமுறை, கழிப்பிடம் ஐம்பது மீட்டர்தானே, போய் வருகிறேன் என்று எழுந்தேன். பெரியவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். ஒரு வாளியைக் காட்டினார். கூச்சத்தை எல்லாம் அன்றைக்கு விட்டேன். புயலில் ஐம்பது மீட்டர் என்பது ஐம்பது மீட்டர் அல்ல. கதவைத் தாண்டாதீர்கள்.

இரவு பத்துக்கு மேல் மகன் வந்தான். முகத்தில் கண் மட்டும் ஈரமாக இருந்தது. ஆடுகள் வந்துவிட்டன, ஒட்டகங்களில் ஒன்பதைக் காணோம்.

அடுத்த இரண்டு நாள் அந்த ஒன்பதைத் தேடினார்கள். எங்கள் ஓட்டுநரும் வேனை எடுத்துக்கொண்டு தேடப் போய்விட்டார். விருந்தாளியின் வண்டி என்ற பேச்சே எழவில்லை, தேவை இருக்கிறது, வண்டி இருக்கிறது, அவ்வளவுதான். நான் சிக்னலுக்காக ஒரு குன்றின்மேல் ஏறி, ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். கூடுதல் நாளுக்குக் கூடுதல் பணம் என்றார்கள். கட்டிய பணத்தைத் தவறவிட்ட இடங்களால் வகுத்துப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினால், பாட்டி தனியாக ஓர் ஆட்டைக் கட்டிச் சாய்க்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆண்கள் இல்லை, கம்பளியோ காத்திருக்காது. ஒரு வாரம் போனால் ஆடுகளே உதிர்த்துவிடும். போய்க் கொம்பைப் பிடித்தேன். முதலில் சொன்ன காட்சி அதுதான். அன்றைக்கும் மறுநாளும் சேர்த்து முப்பத்தொரு ஆடு முடித்தோம். கடைசி ஆறில் சீப்பு என் கையில் இருந்தது. தோலைக் கீறிவிடாமல், சீப்பைப் படுக்கவைத்து, உடம்பின் கனத்தால் இழுக்கவேண்டும், கைப்பலத்தால் அல்ல. ஒட்டகங்கள் இரண்டாம் நாள் மாலை கிடைத்தன, எட்டுதான்.

போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில. இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளாமல் விமான டிக்கெட் போடாதீர்கள், எங்களுக்கு ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. குளிரை விட வறட்சிதான் அதிகம் படுத்தும். மூக்கில் ரத்தம் வரும், உதடு பிளக்கும். வாசலின் டப்பா ஒன்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒன்று இருந்தால் போதும். நான் வாங்கிப் போன விலையுயர்ந்த குளிர்ச் சட்டையை விட, கழுத்தையும் வாயையும் சுற்றிக்கொண்ட பருத்தித் துண்டு உழைத்தது. நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம். போன் சார்ஜுக்குக் கவலை வேண்டாம், அரசு 2000 முதல் 2012 வரை நடத்திய திட்டத்தில் மேய்ப்பர் குடும்பங்களுக்குச் சூரியத் தகடுகள் கிடைத்தன. எங்கள் கெரில் அதில் டிவியே ஓடியது. ஆனால் பகலெல்லாம் புழுதி என்றால் இரவு பல்பு மட்டும்தான். தண்ணீர் கிணற்றிலிருந்து பீப்பாயில் வருகிறது. ஏழு நாளும் குளிக்கவில்லை, முகம் கழுவ ஒரு குவளை. பெண்களுக்கு: நாப்கினை அங்கே புதைக்கவோ எரிக்கவோ நினைக்காதீர்கள், மூடிய பையில் போட்டு நகரம் வரைக்கும் திருப்பிக் கொண்டுவாருங்கள். வோட்கா கொடுத்தால் குடிக்காதவர்களும் வாங்கவேண்டும். மோதிர விரலை நனைத்து வானத்துக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் தெறித்துவிட்டு, உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பரிசாகச் சாக்லேட் வாங்கிப் போயிருந்தோம். பிள்ளைகள் விடுதியில், வீட்டில் இருந்தது பல் இல்லாத பாட்டி. தலன்சட்கத் கடையில் ஒரு மூட்டை மாவும் தேயிலைக் கட்டிகளும் வாங்கியிருக்கலாம் என்று நின்றோம். பணத்தை உறையில் போட்டு, இரண்டு கையால், வீட்டம்மாவிடம் கொடுங்கள். ஏற்பாடு செய்கிறவர் மூலமாகத்தான் என்றால், குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த தொகையைப் பிறகு தெரிந்துகொண்டபோது, குன்றின்மேல் நின்று நான் போட்ட கணக்கு வெட்கமாக இருந்தது.

வேன் கிளம்பும்போது பாட்டி பின்னால் நின்று கரண்டியால் பாலை எடுத்து வானத்தை நோக்கி வீசினார். வழிப்பயணத்துக்கு அது வழக்கம். இரண்டு சொட்டு பின்கண்ணாடியில் விழுந்து, புழுதியோடு சேர்ந்து இறுகிப்போய், உலான்பாதர் வரைக்கும் வந்தது.

அடுத்த குளிர்காலம் ஜுத் வந்தது. புல் பனிக்கட்டிக்கு அடியில் போய்விட, கால்நடைகள் நின்ற இடத்திலேயே பட்டினியிலும் குளிரிலும் சாவதற்குத்தான் அந்தப் பெயர். 2023-24இல் நாடு முழுக்க 70 லட்சத்துக்கும் மேற்பட்டவை செத்தன. செய்தியைப் பார்த்துவிட்டு அந்த மாணவிக்கு எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கிழக்குப் பக்கம் போல மோசம் இல்லை, வெள்ளாடு நாற்பது போய்விட்டது, ஒட்டகம் எல்லாம் இருக்கிறது, பாட்டி ஹால்காவை விசாரித்தார் என்று.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள், எருவுக்காக வயலில் கிடை போடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ராத்திரி எங்கே படுக்கிறார்கள், மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வருஷம் மார்ச்சில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கொல்லைக்கு எதிர் வயலில் கிடை இருந்தது. வரப்பில் ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆடெல்லாம் எப்படி இருக்கு ஐயா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு குட்டிக்குக் கழிச்சல்மா. வேலங்குச்சி வெட்டப் போன பய இன்னும் வரல. இந்தப் பட்டிய கொஞ்சம் பிடிச்சுக்கிறியா, நான் குட்டிய எடுத்தாறேன்."

படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை நகர்த்தவில்லை.